அந்தோனியாருக்கு நேர்ந்துவிட்ட வோட்டு

1

உண்மையைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை, கட்டுரையாகத்தான் பிறந்தது. மன்னார்த் தீவில் ஒரு பங்கின் திருவிழா மலருக்கு, 'கிறிஸ்தவ விசுவாசமும் வாக்களிப்பும்' என்ற தலைப்பில் எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். "பெரிசா ஒண்டும் வேண்டாம், ரெண்டு பக்கம் காணும்" என்றார் மலர்க் குழுத் தலைவர். ஆள் நல்லவர். ஆனால் இரண்டு பக்கத்துக்குள் அடங்குகிற விஷயமா இது?

எழுதிப் பார்த்தேன். முதல் வசனம் இப்படி வந்தது:

'ஒரு கிறிஸ்தவரின் வாக்கு அவருடைய விசுவாசத்தின் வெளிப்பாடாக அமைய வேண்டுமேயன்றி, இனம், உறவு, இலாபம் ஆகியவற்றின்—'

இதற்கு மேல் பேனை நகரவில்லை. எனக்கே கொட்டாவி வந்தது. பிரசங்கம் நீண்டால் ஆண்கள் சிலர் மெல்ல எழும்பி வெளியே போய் நிற்பார்களே, அப்படி நானும் என் கட்டுரையை விட்டு எழும்பிப் போய்விட்டேன்.

போய் ஏறியது தலைமன்னாரிலிருந்து மன்னாருக்கு வரும் பஸ்ஸில். பக்கத்துச் சீற்றில் இருந்த மனிதர், தன் மனைவி அவளுடைய வோட்டை அந்தோனியாருக்கு நேர்ந்துவிட்ட கதையைச் சொல்லத் தொடங்கினார். நான் இறங்க வேண்டிய இடம் வந்தது, இறங்கவில்லை. அவர் இறங்க வேண்டிய இடமும் வந்துபோனது. அவரும் இறங்கவில்லை.

அவருக்குக் கிறிஸ்ரி என்று பெயர் வைத்திருக்கிறேன். மனைவிக்கு றொசானா. ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். கடற்கரையோரத்தில் ஒரு அந்தோனியார் கோயில், கொஞ்சம் தள்ளி ஒரு பள்ளிவாசல், இரண்டுக்கும் நடுவில் மழை பெய்தால் குளமாகிவிடும் குறுகலான ஒரு ஒழுங்கை. இடம் பிடிபட்டவர்கள் தயவுசெய்து பிடிபடாத மாதிரி இருந்துகொள்ளுங்கள்.

2

கதைக்கு மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

முதலாவது: 'கடல் கொந்தளித்தது.'

(அடித்துவிட்டேன். அன்றைக்குக் கடலில் ஒரு சின்ன அலைகூட இல்லை என்று கிறிஸ்ரி சத்தியம் பண்ணிச் சொன்னார்.)

இரண்டாவது: 'அந்தோனியார் சுரூபத்தின் முன்னால் றொசானா தேம்பித் தேம்பி—'

(இதுவும் பொய். றொசானா அழுகிற ஆள் இல்லை, ஏசுகிற ஆள். பயம் வந்தால் ஏசுவாள். சந்தோஷம் வந்தால் இன்னும் கொஞ்சம் கூட ஏசுவாள்.)

மூன்றாவதை வைத்துக்கொள்வோம்.

கிறிஸ்ரி மீன்பிடிக்கப் போன போட் விடிய வந்திருக்க வேண்டும், மத்தியானமாகியும் வரவில்லை. கிறிஸ்ரியின் போன் எடுபடவில்லை. கரையில் போய் நின்று பார்த்த றொசானா, வீட்டுக்குத் திரும்பி வந்து அலுமாரிக்கு மேலே இருந்த அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் நின்றாள். ஏதாவது நேர வேண்டும். ஆனால் நேர்வதற்கு அவளிடம் ஒன்றும் மிச்சம் இல்லை.

மகள் டினோஜா சாதாரண தரப் பரீட்சை எழுதியபோது தலைமுடியை நேர்ந்தாயிற்று. மாமியாருக்கு ஒப்பரேஷன் நடந்தபோது மடு மாதா கோயிலுக்கு நடந்து வருவதாக நேர்ந்து, நடந்தும் முடித்தாயிற்று. மெழுகுதிரி, பூமாலை, செவ்வாய்க்கிழமை அப்பம் எல்லாம் ஏற்கெனவே ஒவ்வொன்றுக்குப் போய்விட்டன. கொடுத்ததையே திரும்பக் கொடுக்கிறேன் என்று புனிதரிடம் எந்த முகத்தோடு சொல்வது?

சுரூபத்தின் காலடியில், தபால்காரர் தந்துவிட்டுப் போன வாக்காளர் அட்டை இருந்தது. அந்த வீட்டில் முக்கியமான சாமான் எதுவானாலும் அங்கேதான் வைப்பார்கள்.

"அந்தோனியாரே, இந்த மனிசனைக் கரையில கொண்டந்து சேர்த்துவிடும். இந்த முறை என்ர வோட்டு உமக்கு. சத்தியமா உமக்குத்தான்."

சொல்லி வாய் மூடவில்லை, வாசலில் கிறிஸ்ரி. எஞ்சின் நின்று, அடுத்த ஊரில் கரையேறி, பிடித்த மீனை அங்கேயே விற்று, தெரிந்தவர் வீட்டில் தேத்தண்ணியும் குடித்து, ஆறுதலாக வந்து நிற்கிறார்.

"தேத்தண்ணி குடிச்சனீங்களோ!" றொசானாவின் குரல் ஒழுங்கை முழுக்கக் கேட்டது. "தேத்தண்ணி குடிக்கிற மனிசனுக்கோ நான் என்ர வோட்டைக் குடுத்தனான்!"

அவர் உயிரோடு வந்ததில் அவளுக்கு எவ்வளவு சந்தோஷம் என்பது அந்த ஏச்சிலேயே தெரிந்ததாம். கிறிஸ்ரி அதைச் சொல்லும்போது பஸ் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டார்.

3

தேர்தல் என்றால் பெரிய தேர்தல் இல்லை, பிரதேச சபைத் தேர்தல். அந்த வட்டாரத்தில் இரண்டு பேருக்குத்தான் பலத்த போட்டி. (இன்னும் சிலரும் தேர்தல் கேட்டார்கள். கதையில் அவர்களுக்கு இடம் கொடுக்க முடியவில்லை. வாக்காளர்களும் கொடுக்கவில்லை.)

ஒருவர் கிறகரி. பங்குச் சபையின் காரியதரிசி, றொசானாவின் கூடப்பிறந்த அண்ணன். குரல் பெரிது, மனம் அதைவிடப் பெரிது, கோபம் இரண்டையும்விடப் பெரிது. சின்னம் மணிக்கூடு. மற்றவர் ஸீனத். பள்ளிவாசலுக்குப் பக்கத்து முன்பள்ளியில் ஆசிரியை. அந்த ஒழுங்கையில் வெள்ளம் நிற்பதைப் பற்றிக் அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கிக் களைத்தவர். சின்னம் கேத்தில்.

நேர்த்திக்கு முன்பு றொசானாவின் மனம் இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் அண்ணன். மறுபக்கம், மாரியில் குசினிக்குள் முழங்கால் அளவு நிற்கும் தண்ணீர். இப்போது அந்த ஆட்டமே நின்றுவிட்டது. வோட்டு அவளுடையது இல்லை. அந்தோனியாருடையது. புனிதர் எப்படி வோட்டுப் போடுவார்?

கிறகரிக்கு அதில் குழப்பமே இல்லை. செய்தி காதில் விழுந்த உடனேயே மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"அந்தோனியார் ஆர்? எங்கட ஆள். நான் ஆர்? நானும் எங்கட ஆள். பிறகென்ன யோசினை உனக்கு?"

"அண்ணை, செவ்வாய்க்கிழமை அந்தோனியாரிட்டச் சைவச் சனம் வருகுது. கொழும்பிலயிருந்து சிங்களச் சனம் வருகுது. அவர் எங்கட ஆள் மட்டுமெண்டு அவையிட்டப் போய்ச் சொல்லுங்கோவன்."

"அது வேற."

"என்ன வேற?"

என்ன வேறு என்று கிறகரிக்கும் தெரியவில்லை. தெரியாதபோது வருகிற கோபம் அவருக்கு வந்தது. "உனக்கு வேதம் பெரிசெண்டா வேதக்காரனுக்குப் போடு. போடாட்டி இந்த வாசலை நான் இனி மிதிக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தாய் தகப்பன் போனபிறகு றொசானாவுக்குப் பிறந்த வீடு என்று இருந்தது அந்த அண்ணன் ஒருவர்தான். நேர்த்தியைக் காப்பாற்றப் போய் அண்ணனை இழக்க வேண்டி வருமோ என்று அவளுக்கு அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை.

4

மறுநாள் பூசை முடிய அவள் பங்குச் சாமியைப் பிடித்துக்கொண்டாள். வங்காலைப் பக்கத்து ஆள், இளவயது, பங்குக்குப் புதிது.

"ஃபாதர், ஒரு நேர்த்தியை மாத்தித் தரோணும். ஒரு பெட்டி மெழுகுதிரியா மாத்தித் தந்தாலும் காணும்."

விஷயத்தைக் கேட்ட ஃபாதருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கையிலிருந்த புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"மாத்த வழியிருக்கு, அம்மா. ஆனா வோட்டை மெழுகுதிரியாக்க எனக்கு மனம் வரேல்லை."

"அப்ப ஆருக்குப் போடோணுமெண்டு சொல்லுங்கோ."

"அதை நான் சொல்லக்கூடாது. மனச்சாட்சிப்படி போடுங்கோ."

"மனச்சாட்சிக்கு என்ன சின்னம், ஃபாதர்?"*

ஃபாதர் புத்தகத்தை முகத்திலிருந்து இறக்கினார். பிறகு கேட்டார். "செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கு அப்பம் குடுக்கிறனீங்கள் தானே? அவர் சாப்பிடுறவரோ?"

"இல்லை."

"பிறகு அது ஆருக்குப் போகுது?"

"இல்லாதவைக்கு."

அந்த நேரம் பார்த்து ஃபாதரின் போன் அடித்தது. உயிலங்குளத்தில் சாகக்கிடக்கும் யாருக்கோ அவஸ்தைப்பூசுதல். அவசரமாகப் புறப்பட்டுப் போய்விட்டார்.

(முதல் வரைவில் ஃபாதர் இந்த இடத்தில் ஒன்றரைப் பக்கத்துக்குப் பேசினார். மலர்க் குழுவுக்குப் பிடித்திருக்கும். போன் அடிக்க வைத்து அவரைக் காப்பாற்றினேன். உங்களையும்தான்.)

றொசானா நடந்து வந்தாள். அந்தோனியாருக்குக் கொடுத்தது எதையும் அவர் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. அப்பம் கொடுத்தால் அப்பம் இல்லாதவருக்குப் போகும். அப்படியென்றால் வோட்டு? ஒழுங்கை முடக்கில் அவள் நின்றுவிட்டாள். அங்கே ஒரு வீட்டில் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

\* இந்த ஒரு கேள்விக்காகத்தான் கதையையே எழுத உட்கார்ந்தேன். கிறிஸ்ரி இதைச் சொன்னபோது பஸ் கண்டக்டர் மிச்சக்காசு கொடுக்க மறந்து சிரித்தார். கட்டுரையாக எழுதியிருந்தால் இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

5

இப்போது றஹீமா வர வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஏனென்றால் என் முதல் வரைவில் அவள் இப்படி வந்தாள்: 'இழப்புகளின் சுமையால் வளைந்த அந்த அகதிப் பெண், நன்றிக் கண்ணீரோடு—'

இந்த வசனத்தை யாரும் மன்னிக்க வேண்டாம். வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட தொண்ணூறாம் ஆண்டு உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தீவை விட்டுப் புத்தளத்துக்குப் போன சிறுமி றஹீமா என்பது உண்மை. வளர்ந்து, கலியாணம் முடித்து, சில வருடங்களுக்கு முன் வாப்பாவின் காணிக்கே திரும்பி வந்தவள் என்பதும் உண்மை. ஆனால் அவள் வளைந்தவள் இல்லை. ஒழுங்கையிலுள்ள பெண்கள் எல்லோருக்கும் சட்டை தைப்பவள். "போன முறைக்கு ரெண்டு அங்குலம் கூடியிருக்கு, சோத்தைக் குறைங்க" என்று முகத்துக்கு நேரே சொல்பவள். றொசானாவோடு வாய் கொடுத்துத் தாக்குப்பிடிக்கக்கூடிய ஒரே ஆள்.

அவளுக்கு வோட்டு இல்லை. ஊரை விட்டுப் போய்விட்டாள் என்று புத்தளத்தில் பெயரை வெட்டிவிட்டார்கள். இங்கே இன்னும் பதியவில்லை. தேர்தலன்று எல்லோரும் உடுத்துக்கொண்டு வோட்டுப் போடப் பள்ளிக்கூடத்துக்குப் போக, அவள் வீட்டில் இருந்து மெஷின் மிதிப்பாள்.

"றஹீமா ராத்தா, உங்களுக்கு ஒரு வோட்டுத் தாறன்" என்றாள் றொசானா, வாசலில் நின்றபடியே.

"என்ன புள்ள, சட்டைத்துணி தாற மாதிரிச் சொல்றீங்க?"

"அந்தோனியாருக்கு நேர்ந்தது. அவர் இல்லாத ஆக்களுக்குத்தான் குடுக்கிறவர். இந்த ஒழுங்கையில வோட்டு இல்லாத ஆள் நீங்கள். ஆருக்குப் போடுறதெண்டு சொல்லுங்கோ, நான் போய்ப் போடுறன்."

றஹீமா பெரிதாகச் சிரித்தாள். சிரித்து முடிந்தபோது மெஷின் நின்றிருந்தது.

"ஆருக்குப் போடப்போறீங்கண்டு என்னட்ட ஆரும் கேட்டதில்ல" என்றாள்.

"இப்ப நான் கேக்கிறன்."

"உடன சொல்ல ஏலாது. ஆக்களப் பாக்கணும், கேள்வி கேக்கணும். வோட்டெண்டாச் சும்மாவா?"

(தேர்தல் சட்டம் படித்தவர்கள் இங்கே இருமுவது கேட்கிறது. றொசானா வோட்டை விற்கவில்லை, அட்டையைக் கைமாற்றவில்லை. தன் கையால்தான் போடப்போகிறாள். போட முன் ஒரு ஆளைக் கேட்டாள், அவ்வளவுதான். நாமும் யாரையாவது கேட்டுவிட்டுத்தானே போடுகிறோம்?)

6

இனி வருவதை எழுதும்போது எனக்குக் கை வலிக்கவில்லை.

ஒழுங்கையில் இரகசியம் தங்குமா? றஹீமாவிடம் ஒரு வோட்டு இருக்கிறது என்று பின்னேரத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதுவரை நோட்டீஸ் கொடுப்பவர்கள் அவளுடைய வீட்டைத் தாண்டித்தான் போவார்கள். இப்போது இரண்டு கட்சிப் பெடியன்களும் அவள் படலை வாசலில் முட்டிக்கொண்டார்கள்.

முதலில் ஸீனத் ரீச்சர் வந்தார், வட்டிலப்பத்தோடு. றஹீமா அதை ஆறுதலாகச் சாப்பிட்டாள்.

"நல்லாயிருக்கு ரீச்சர், ஏலம் மட்டும் கொஞ்சம் கூட. ஒண்டு கேக்கட்டா? ஒவ்வொரு நாளும் என்ட வாசலாலதான் போறீங்க. எனக்கு வோட்டு இல்லண்டு இதுக்கு முந்தித் தெரியுமா?"

ஸீனத்தின் முகம் வாடிவிட்டது. "தெரியா றஹீமா" என்றார். "நம்மட ஆள், எனக்குத்தான் போடுவீங்கண்டு நினைச்சிட்டன். கேக்கவே இல்ல."

கிறகரி வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். "கூடப்பிறந்தவளின்ர வோட்டுக்கு நான் றஹீமாவின்ர வாசல்ல போய் நிக்கோணுமோ?" என்று வீட்டில் குதித்தார். "நிண்டா என்ன, கால் தேயுமோ?" என்றாள் அவருடைய மனைவி றோஸ்மேரி. அடுத்த நாள் வெள்ளைச் சேட்டோடு வந்து நின்றார்.

றஹீமா கதிரையை இழுத்துப் போட்டு, அதே கேள்வியைத்தான் கேட்டாள். கிறகரி பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"தெரியும். உங்களுக்கு மட்டுமில்லை, பள்ளிவாசல் பக்கம் இன்னும் கொஞ்சப் பேருக்கும் பேர் பதியேல்லை."

"தெரிஞ்சும் ஏன் ஒண்டும் செய்யல்ல?"

கிறகரி நிலத்தைப் பார்த்தார். அந்தப் பெரிய குரல் எங்கே போனதோ. "வோட்டில்லாத ஆக்களுக்கு ஏன் மினக்கெடுவான் எண்டு நினைச்சனான்" என்றார். "அது பிழை. இப்பதான் விளங்குது."

ஒருவருக்குத் தெரியாது. மற்றவருக்குத் தெரியும், செய்யவில்லை, ஆனால் ஒளிக்காமல் சொன்னார். நீங்கள் றஹீமாவாக இருந்தால் என்ன செய்வீர்கள்? நான் இந்த இடத்தில் பேனையை வைத்துவிட்டு இரண்டு நாள் யோசித்தேன்.

ஒன்று மட்டும் உறுதி. அந்தக் கிழமையே கிறகரியும் ஸீனத்தும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் அந்தப் பெயர்களைப் பதிவிக்கக் கந்தோருக்குப் போய், அங்கே ஒரே மரவாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டி வந்தது. இந்தத் தேர்தலுக்கு இனிச் சரிவராது, அடுத்ததுக்குப் பார்க்கலாம் என்று கந்தோரில் சொல்லிவிட்டார்கள். இருவரும் திரும்பி வரும்போது ஒரே பஸ். கிறகரிதான் இரண்டு ரிக்கற்றும் எடுத்தாராம்.

7

முடிவுகள்.

முடிவு அ: 'ஒரேயொரு வாக்கு வித்தியாசத்தில் கிறகரி—' (இது சினிமா.)

முடிவு ஆ: ஸீனத் வெல்கிறார், கிறகரி எல்லோருக்கும் முன்னால் போய் வாழ்த்துகிறார், கோயில் மணி அடிக்க, பள்ளிவாசலில் பாங்கு சொல்ல— (மலர்க் குழு இதைச் சட்டம் போட்டு மாட்டும். அதனாலேயே வேண்டாம்.)

முடிவு இ: 'வாக்குச் சீட்டை விரித்தபோது அந்தோனியார் அவளுடைய காதில்—' (அந்தோனியார் ஒன்றும் சொல்லவில்லை. அவர் செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.)

8

நடந்தது இதுதான்.

தேர்தலன்று றஹீமா மெஷினுக்கு உறை போட்டு மூடினாள். பெருநாளுக்கு உடுக்கும் சாரியை உடுத்தாள். றொசானாவோடு பள்ளிக்கூட வாசல் வரை நடந்து வந்தாள். அதற்கு மேல் அவளுக்கு அனுமதி இல்லை. கேற்றடியில் நின்று, றொசானாவின் தோளைப் பிடித்து இழுத்து, காதுக்குள் சொன்னாள்.

"உண்மையாவோ?" என்றாள் றொசானா.

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றன். போங்க."

வரிசை நீளமாக இருந்தது. றொசானாவுக்கு நின்று யோசிக்க நேரம் கிடைத்தது. றஹீமா சொன்னதைத் தன் மனத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அண்ணனை நினைத்தாள், குசினித் தண்ணீரை நினைத்தாள். கடைசியில், இது சரி என்று அவளுக்கே பட்டது. மறைப்புக்குள் போய்ச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு வாக்குச் சீட்டில் புள்ளடியைப் போட்டாள். வாழ்க்கையில் ஒரு நேர்த்தியைச் செலுத்தி முடித்து இவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததில்லை.

வெளியே ஓடிவந்தாள். சின்னவிரலில் பூசிய மை இன்னும் காயவில்லை. றஹீமாவின் கையைப் பிடித்து, தன் சின்னவிரலை அவளுடைய சின்னவிரலோடு வைத்து அழுத்தினாள்.

"ராத்தா, நீங்களும் போட்டிட்டியள்."

றஹீமா விரலைப் பார்த்தாள். ஒரு பொட்டு ஊதா. பிறகு அந்த விரலைக் கொடி மாதிரித் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒழுங்கை முழுக்க நடந்தாள். கடைக்காரர் சிரித்தார், ஸீனத்தின் முன்பள்ளிப் பிள்ளைகள் பின்னால் ஓடினார்கள். "பூசின கையைத் தண்ணியில வைக்காதேங்கோ, அழிஞ்சிடும்!" என்று றொசானா பின்னால் நின்று ஏசினாள்.

அன்று பின்னேரம், முடிவுகள் வர முன்னமே, கிறகரி தங்கச்சி வீட்டு வாசலை மிதித்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். றொசானா நிமிர்ந்து பார்த்தாள்.

"தேத்தண்ணி இருக்கோ?" என்றார்.

"இருக்கு. இவ்வளவு நாளும் எங்க போனனீங்கள்? இருங்கோ!" என்று சத்தம் போட்டாள் அவள். கிறகரி இருந்தார். இரண்டு கோப்பை குடித்தார்.

9

யார் வென்றார்கள் என்பது கந்தோரில் ஒட்டியிருக்கிறது. போய்ப் பார்க்கலாம். எனக்குத் தெரிய வேண்டியது வேறு. அந்த ஒரு புள்ளடி எங்கே விழுந்தது? கிறிஸ்ரிக்குத் தெரியாது. றொசானா ஏசுவாள். எனவே தலையணை உறை தைக்க வேண்டும் என்று ஒரு சாட்டு வைத்துக்கொண்டு நானே றஹீமாவிடம் போனேன். கதையை எழுதுகிறவர் என்று சொன்னேன். வாசகர்கள் கேட்பார்கள் என்றும் சொன்னேன்.

அவள் துணியை அளந்துகொண்டே கேட்டாள். "உங்களிட்ட வோட்டு இருக்குத்தானே?"

"இருக்கு."

"வாசிக்கிற ஆக்களிட்ட?"

"அவர்களுக்கும் இருக்கும்."

"அப்ப எல்லாரும் அவங்கவங்கட வோட்ட யோசிங்க. இது என்ட வோட்டு."